அடுப்பும் வாசலும்: வடலூரில் ஒரு வழிகாட்டி நடை

1

சென்ற மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வடலூரை நடத்திக் காட்டுகிற ஒரு குழுவோடு நானும் நடந்தேன். சென்னையிலிருந்து வந்த கணினித் துறை ஆட்கள் நாலு பேர், புதுச்சேரிக் கல்லூரி மாணவர்கள் சிலர், கடலூரிலிருந்து வந்த சன்மார்க்கி அம்மா ஒருவர், பிறகு நான். கட்டணம் உண்டு. கையில் கொடுத்த தாளில் நிகழ்ச்சி நிரல் அச்சிட்டிருந்தது: காலை சத்திய ஞான சபை, பிறகு பெருவெளி, நண்பகல் தருமச்சாலை, 'மதிய உணவு தருமச்சாலையில்', மாலை வண்டியில் கருங்குழி, மேட்டுக்குப்பம்.

கட்டணம் கட்டி வந்தவர்களுக்கு மதிய உணவு தருமச்சாலையில் என்பதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. பசித்தவனுக்கென்று மூட்டிய அடுப்பு, பயணத் திட்டத்தில் ஒரு வசதியாகச் சேர்ந்துவிட்டது. வழிகாட்டியும் இதை யோசித்திருப்பார் போல. "சாப்பிட்டுட்டு அரிசியோ பணமோ ஏதாவது சாலைக்குக் குடுத்துட்டுப் போங்க, சும்மா சாப்பிட்டதா இருக்க வேணாம்" என்று முதலிலேயே சொல்லிவிட்டார். ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். வெள்ளை வேட்டி, வெள்ளைத் துண்டு. எல்லோரையும் 'அய்யா', 'அம்மா' என்றுதான் கூப்பிட்டார், மாணவர்களையும்கூட. அவரைக் குறை சொல்ல இந்தக் கட்டுரையை எழுதவில்லை. அவர் நடத்திச் சென்ற பாதையை ஒரு பிரதியாக வாசித்துப் பார்ப்பதே நோக்கம்.

நடப்பதைப் பேச்சோடு ஒப்பிட்டவர் பிரெஞ்சுச் சிந்தனையாளர் மிஷேல் டு செர்த்தோ. மொழி எல்லோருக்கும் பொது. ஆனால் பேசுகிறவன் தன் வாய்க்கு ஏற்பத்தான் அதைப் பேசுகிறான். நகரமும் அப்படித்தான், நடக்கிறவன் தன் காலால் அதைத் திருத்தி எழுதிக்கொள்கிறான் என்பது அவர் வாதம். இதை ஒப்புக்கொண்டால், வழிகாட்டி நடை என்பது ஏற்கெனவே எழுதி முடித்த வாக்கியம் ஒன்றை நம் கால்களைக்கொண்டு ஒப்பிக்க வைப்பது. எங்கே நிற்க வேண்டும், எதைப் பார்க்க வேண்டும், எதைக் கடந்து போக வேண்டும் என்பதெல்லாம் அந்த வாக்கியத்தின் இலக்கணம். எனவே நாம் கேட்க வேண்டிய கேள்வி 'வழிகாட்டி சொன்னது சரியா, தப்பா' என்பதல்ல. 'எது எதற்கு முன்னால் வருகிறது' என்பதே.

2

வரிசையைப் பாருங்கள். நடையில் சபை முதலில், சாலை பிறகு. வரலாற்றில் இது தலைகீழ்.

1823இல் சிதம்பரத்தை அடுத்த மருதூரில், கருணீகர் குடும்பத்தில் பிறந்த இராமலிங்கர், சென்னையில் வளர்ந்து, 1850களின் இறுதியில் இந்தப் பக்கம் வந்து கருங்குழியில் வேங்கட ரெட்டியார் வீட்டில் தங்குகிறார். 1865இல் சங்கம். 1867 மே 23 அன்று தருமச்சாலையில் அடுப்பு மூட்டப்படுகிறது. சத்திய ஞான சபையில் முதல் வழிபாடு நடந்தது 1872 ஜனவரி 25, தைப்பூசத்தன்று. சோற்றுக்கும் சோதிக்கும் நடுவில் ஐந்து வருஷம் இருக்கிறது. 1866இல் ஒரிசாவைத் தின்ற பஞ்சம் சென்னை மாகாணத்தின் வடகோடியையும் தொட்டது. பத்து வருஷம் கழித்து 1876–78இல் வந்த தாதுவருஷப் பஞ்சம் தெற்கையும் சேர்த்து வாரிக்கொண்டு போனது. இந்த இரண்டு பஞ்சங்களுக்கும் இடையில், ரயில் தானியத்தை ஏற்றிக்கொண்டு போக, விளைவித்தவன் பட்டினி கிடந்த ஒரு காலத்தில், கடவுளைப் பற்றிப் பாடிக்கொண்டிருந்த ஒருவர் முதலில் கட்டியது சமையற்கூடம். இதைவிட முக்கியமான செய்தி வடலூரில் வேறெதுவும் இல்லை.

ஆனால் நடை சபையில் தொடங்குகிறது. எண்கோண வடிவம், ஏழு திரைகள், கண்ணாடி, அதன் பின்னால் விளக்கு. வழிகாட்டி நன்றாகவே விளக்கினார். கருப்பு, நீலம், பச்சை, சிவப்பு, பொன், வெள்ளை, கலப்பு என்று திரைகளின் நிறங்களைச் சொல்லி, மாதப் பூசத்தில் ஆறு திரைதான் விலகும், தைப்பூசத்தில் மட்டும் ஏழும் விலகும் என்றார். மாணவர்கள் குறித்துக்கொண்டார்கள். சபையிலிருந்து தொடங்கி சாலைக்கு வருகிறபோது சோறு என்பது ஞானத்தின் விளைவாக, ஞானி போட்ட கருணையாக மாறிவிடுகிறது. சாலையிலிருந்து தொடங்கி சபைக்குப் போயிருந்தால், பசியைப் பார்த்த ஒருவன் அதற்குப் பிறகு எப்படிப்பட்ட கடவுளைக் கட்ட முடியும் என்ற கேள்வியோடு உள்ளே போயிருப்போம். இடங்களும் கற்களும் அவையேதான். வரிசை மாறினால் பொருள் மாறிவிடுகிறது.

3

சபை வாசலில் ஒரு பலகை இருக்கிறது. கொலையும் புலையும் தவிர்த்தவர்கள் மட்டுமே உள்ளே வர வேண்டும் என்பது அதன் பொருள். வழிகாட்டி அந்தப் பலகையைப் படிக்கவில்லை. "அசைவம் சாப்பிடறவங்க வெளியிலேர்ந்தே பாக்கலாம், ஒண்ணும் தப்பில்ல" என்று மென்மையாகச் சொல்லிவிட்டு நடந்தார். சென்னைக்காரர்களில் இரண்டு பேர் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டு உள்ளே போனார்கள். நான் வெளியே நின்றேன்.

நான் நின்றதற்குக் காரணம் என் ஆயா. குறிஞ்சிப்பாடிக்குப் பக்கத்துச் சேரி எங்களுடையது. தைப்பூசத்துக்கு வருஷம் தவறாமல் ஆயா வடலூருக்கு நடந்தே வரும். சாலையில் சாப்பிடும். ராத்திரி பெருவெளியில் முந்தானையை விரித்துப் படுத்துக்கொள்ளும். விடியக்காலைச் சோதியைக் கூட்டத்தோடு கூட்டமாகத் தூரத்திலிருந்து கும்பிடும். சபைக்குள் ஒருதரம்கூடப் போனதில்லை. சின்ன வயதில் நான் ஏன் என்று கேட்டதற்கு, "நாம அங்க போவக் கூடாதுடா, கவுச்சி தின்ற வாயி" என்றது. யாரும் அதைத் தடுக்கவில்லை, விரட்டவில்லை. பலகையைப் படிக்கவும் அதற்குத் தெரியாது. ஆனாலும் பலகையில் உள்ளது அதற்குத் தெரிந்திருந்தது.

எம்.ஏ. தமிழ் படித்தபோது 'புலை' என்ற சொல் எனக்கு மறுபடி எதிர்ப்பட்டது. புலவு, புலால், புலை, புலையன் என்று ஒரே வேரிலிருந்து இறைச்சியும் இழிவும் ஒரு மனிதக் கூட்டமும் கிளைக்கின்றன. சங்கப் பாட்டில் புலையன் பறை அடிக்கிறான், பிணத்துக்குச் சடங்கு செய்கிறான். சேக்கிழாரில் நந்தன் வாழ்கிற இடம் புலைப்பாடி. சொற்களுக்கு ஞாபகம் உண்டு. 1872இல் ஒருவர் ஒரு வாசலில் அந்தச் சொல்லை வைக்கும்போது, அவர் இறைச்சியை மட்டுமே கருதியிருக்கலாம். ஆனால் மொழி அவர் கருதியதோடு நிற்பதில்லை. அது ஆயிரம் வருஷத்துச் சேரியையும் இழுத்துக்கொண்டு வந்து அந்த வாசலில் நிறுத்துகிறது.

வழிகாட்டியிடம் இதைக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "அய்யா, பொறப்ப வுட முடியாது. கறிய வுட முடியும். நீங்க இன்னிக்கு வுட்டா இன்னிக்கே உள்ள வரலாம். சிதம்பரத்துல அப்படி முடியுமா?" என்றார்.

இது தட்டிக் கழிக்கக்கூடிய பதில் இல்லை. இராமலிங்கரின் பிற்காலப் பாடல்கள் சாதி, சமயம், வருணம், ஆச்சிரமம் எல்லாவற்றையும் பிள்ளை விளையாட்டு என்று தள்ளுகின்றன. மனிதரை அவர் பிரித்தது அகவினம், புறவினம் என்று. கொலை செய்யாமை, புலால் உண்ணாமை மட்டுமே அங்கே கோடு. புறவினத்தாருக்கும் பசி தீர்க்க வேண்டும் என்பதில் அவருக்கு ஒரு தயக்கமும் இல்லை. சாதியென்ற கோட்டை அழித்துவிட்டு உணவென்ற கோட்டை வரைந்தார் என்று சொல்லலாம். பிறப்பிலிருந்து ஒழுக்கத்துக்கு வாசலை நகர்த்தியது ஒரு பெரிய உடைப்புதான். அதை மறுப்பவன் அந்தக் காலத்தை அறியாதவன்.

ஆனால் இந்தச் சமூகத்தில் உணவு எப்போது வெறும் ஒழுக்கமாக இருந்தது? எதைத் தின்பவன் என்பதை வைத்தே பிறப்பை அளந்தவர்கள் நாம். செத்த மாட்டைத் தூக்கிப்போடு என்று கட்டளையிட்டு, கூலிக்குப் பதிலாக அந்த மாட்டையே கொடுத்து, பிறகு அதைத் தின்றதற்காகவே தீண்டாமல் வைத்த ஏற்பாட்டை அம்பேத்கர் 1948இல் எழுதிய தீண்டப்படாதோர் பற்றிய நூலில் மாட்டிறைச்சியோடு சேர்த்தே விளக்குகிறார். கறியை 'விடுவது' என்பது, வேறு சோறு உள்ளவனுக்குத்தான் ஒழுக்கம். பசியைப் பற்றி இராமலிங்கர் அளவுக்கு எழுதிய இன்னொருவர் தமிழில் இல்லை. பசி வந்தால் உடம்பில் ஒவ்வொரு உறுப்பும் என்ன ஆகும் என்று வைத்தியனைப்போல் எழுதியவர் அவர். அவரே அந்தப் பசியில் கிடைத்ததைத் தின்ற வாயை வாசலில் நிறுத்துகிறார் என்பதுதான் இந்தப் பிரதியின் உள்முரண். இந்த முரணை மழுப்பாமல் வைத்துக்கொள்வதே நேர்மையான வாசிப்பு.

4

சாலைக்கு வந்தோம். 1867இல் மூட்டிய நெருப்பு இன்னும் அணையாமல் இருக்கிறது. நீளமான அடுப்பு, புகை படிந்த சுவர், அண்டாக்கள். இங்கே பலகை இல்லை. யார் என்று கேட்பதில்லை, என்ன தின்பாய் என்று கேட்பதில்லை. பந்தியில் எனக்கு ஒரு பக்கம் சென்னைக்காரர், இன்னொரு பக்கம் நாலுமுனைச் சந்திப்பில் பிச்சை எடுக்கிற ஒரு கிழவர். ஒரே சோறு, ஒரே குழம்பு. சுற்றுலாக் கூட்டத்தில் ஒருத்தருக்கும் அது சங்கடமாக இல்லை. பந்தியில் உட்கார்ந்தவுடன் எல்லோருக்கும் அந்த இடத்து விதி புரிந்துவிடுகிறது.

அங்கே உட்கார்ந்துதான் நந்தனை நினைத்தேன். இங்கிருந்து சிதம்பரம் அதிக தூரமில்லை. இராமலிங்கர் அதைப் பூர்வ ஞான சிதம்பரம் என்றும் வடலூரை உத்தர ஞான சிதம்பரம் என்றும் பெயரிட்டார். முன்னது, பின்னது. வடலூர் என்பதே சிதம்பரத்துக்கு எழுதப்பட்ட ஒரு மறுப்புரை. சிதம்பரத்தில் நந்தன் உள்ளே போவதற்கு ஒரு நெருப்பு தேவைப்பட்டது. அதில் இறங்கி, உடம்பை எரித்து, பூணூலோடு எழுந்த பிறகுதான் வாசல் திறந்தது. கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனை அச்சேறியது 1860களின் தொடக்கத்தில். சேக்கிழாரிடம் இல்லாத பண்ணை ஆண்டை அதில்தான் நுழைகிறார். நந்தன் கதை ஊர் ஊராகப் பாடப்பட்ட அதே ஆண்டுகளில், அதே வட்டாரத்தில், ஒருவர் இன்னொரு நெருப்பை மூட்டுகிறார். நந்தனின் நெருப்பு உடம்பைக் கேட்டது, இந்த நெருப்பு உடம்புக்குச் சோறு கொடுத்தது. முதல் நெருப்பில் தீட்டு எரிய வேண்டியிருந்தது, இரண்டாவது நெருப்பில் தீட்டு என்ற கேள்வியே எழவில்லை. உத்தர ஞான சிதம்பரம் என்ற பெயர் சபையைவிட இந்த அடுப்புக்குத்தான் அதிகம் பொருந்தும்.

5

நண்பர்கள் பலர் இந்த இடத்தில் மேட்டுக்குப்பத்துக்குத் தாவுவார்கள். 1874 ஜனவரி 30 அன்று சித்திவளாக அறைக்குள் போனவர் பிறகு வெளியே வரவில்லை. 1878இல் வெளியான தென்னார்க்காடு மாவட்டக் கையேட்டில் கார்ஸ்டின் இதைக் குறித்திருக்கிறார். பக்தர்கள் ஒளியுடம்பானார் என்கிறார்கள். நம் பக்கத்தில், பகுத்தறிவு மேடைகளிலும் இடதுசாரிக் கூட்டங்களிலும், எரித்துக் கொன்றுவிட்டார்கள் என்கிறோம். மாலையில் அந்தப் பூட்டிய அறைக்கு முன்னால் ஒரு மாணவர் இதைக் கேட்டார். வழிகாட்டி பதில் சொல்லவில்லை, கும்பிட்டுவிட்டு நகர்ந்தார்.

இரண்டு கதைக்கும் சான்றில்லை. ஆனால் இரண்டுக்கும் அச்சு ஒன்றே. தீயில் மறைந்து சோதியில் கலத்தல் அல்லது தீயில் தள்ளிக் கொல்லப்படுதல் என்பது நந்தன் கதையின் இரண்டு வாசிப்புகள்தாம். அதை எடுத்து இராமலிங்கர்மேல் போர்த்துகிறோம். எதிர்க்கதை சொல்வதாக நினைத்துக்கொண்டு பழைய கதையின் வார்ப்பிலேயே ஊற்றிக்கொண்டிருக்கிறோம். இதில் ஒரு நஷ்டம் இருக்கிறது. சாவு மர்மமாகும்போது வாழ்க்கை பின்னுக்குப் போகிறது. ஒரு மனிதர் எப்படிச் செத்தார் என்று நூற்றைம்பது வருஷமாகச் சண்டை போடுகிற நாம், அவர் 1867இல் எப்படி அரிசி சேர்த்தார், யார் கொடுத்தார்கள், யார் சமைத்தார்கள், யார் தின்றார்கள் என்று கேட்டதில்லை.

அவரது பாட்டுக்கு நேர்ந்ததும் இதுவே. திருவருட்பாவின் முதல் நாலு திருமுறைகள் 1867இல், அடுப்பு மூட்டிய அதே வருஷத்தில், அச்சாகின்றன. ஆறுமுக நாவலர் அது அருட்பா அல்ல என்றார். திருமுறை என்ற பெயர் யாருக்கு உரியது என்று கேட்டார். விவகாரம் 1869இல் மஞ்சக்குப்பம் கோர்ட்டுக்குப் போனது. இந்தக் கண்டனப் பிரசுரங்களை ப. சரவணன் தேடித் தொகுத்ததால் இன்று நாம் இரு தரப்பையும் வாசிக்க முடிகிறது. நடையில் எங்களுக்குச் சொல்லப்பட்டதோ, கோர்ட்டில் நாவலரே எழுந்து கும்பிட்டார் என்ற ஒரு வரி. சண்டை மறைந்து அற்புதம் மட்டும் மிஞ்சியது. மரபின் வாசலில் யார் நிற்கலாம் என்பதுதான் அந்தச் சண்டை. அதில் வெளியே நிறுத்தப்பட்டவர் இராமலிங்கர். வெளியே நிறுத்தப்பட்டவரின் வாசலிலும் ஒரு பலகை இருக்கிறது என்பதை நாம் யோசிக்க வேண்டும்.

பின்னால் சபைக்குள்ளேயே லிங்கமும் ஆகமப் பூசையும் வந்தன. அவை சன்மார்க்கத்துக்குப் புறம்பானவை என்று 2006இல் அறநிலையத் துறை உத்தரவிட, 2010இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. உருவத்தைச் சட்டம் வெளியேற்றியது. புலை என்ற சொல்லை எந்தச் சட்டத்தாலும் வெளியேற்ற முடியாது, அதை வாசகன்தான் செய்ய வேண்டும்.

6

பெருவெளியில் எங்களை அதிக நேரம் நிற்க விடவில்லை. பார்ப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லையாம். நான் பின்தங்கி நின்றேன். பார்வதிபுரத்து மக்கள் எண்பது காணி நிலத்தை எழுதிக்கொடுத்தார்கள் என்பது எல்லோரும் சொல்கிற செய்தி. வழிகாட்டியும் 'ஊர் மக்கள்' என்றார். ஊர் என்றால் யார், சேரி அந்த ஊரில் சேர்த்தியா என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை. 2024 பிப்ரவரியில் இங்கே நூறு கோடி ரூபாய் அளவில் வள்ளலார் சர்வதேச மையத்துக்கு அரசு அடிக்கல் நாட்டியது. ஏப்ரலில் பார்வதிபுரம் மக்கள் வேலையை மறித்தார்கள். எங்கள் முன்னோர் கொடுத்த வெளி வெளியாகவே இருக்கட்டும் என்றார்கள். வழக்கு உயர் நீதிமன்றம் போனது.

மையம் வேண்டும் என்றவர்களுக்கும் நியாயம் இருக்கலாம், வருகிறவர்களுக்குக் கழிப்பறையும் நிழலும் தேவை. ஆனால் வெளி என்பது 'காலி இடம்' இல்லை. சபைக்குள் போகாதவர்களின் இடம் அது. ஆயா படுத்த இடம். வாசலுக்கு இந்தப்பக்கம் நிற்பவர்களும் வடலூரின் மக்கள்தான் என்று சொல்லாமல் சொல்லிக்கொண்டிருந்தது அந்த வெறுந்தரை. அதில் கட்டுகிறபோது யாருடைய இடத்தைச் சுருக்குகிறோம் என்று திட்ட வரைபடம் சொல்லாது.

இன்னொன்றும் உண்டு. வாடும் பயிரைப் பற்றிய அவரது அந்தப் பாட்டு வரி தெரியாத தமிழர் இல்லை. வடலூருக்குத் தெற்கே, சேத்தியாத்தோப்புப் பக்கம் வளையமாதேவியில், 2023 ஜூலையில், என்.எல்.சி. வாய்க்காலுக்காக விளைந்து நின்ற நெல்வயலில் இயந்திரங்கள் இறங்கின. நிலம் முன்பே எடுத்தது, இழப்பீடு கொடுத்தாயிற்று என்றது நிறுவனம். அறுவடைக்குக்கூடப் பொறுக்கவில்லையே என்று கேட்டார்கள் விவசாயிகள். வழிகாட்டி நடை அந்தத் திசையில் போவதில்லை. ஆனால் வள்ளலாரைப் படிக்க மேட்டுக்குப்பம் போகிறவர்கள் இன்னும் கொஞ்சம் தெற்கே போனால், அந்த வரிக்கு நம் காலத்து உரை கிடைக்கும்.

7

கடைசியில் வழிகாட்டி எங்களிடம் கருத்துக் கேட்டார். எல்லோரும் நன்றாக இருந்தது என்றார்கள். நான் அந்த நிகழ்ச்சி நிரல் தாளின் பின்பக்கத்தில் ஒரு மாற்றுவரிசை எழுதிக் கொடுத்தேன். முதலில் தருமச்சாலை. வந்தவர்கள் சாப்பிடுவதற்கு முன் ஒரு மணி நேரம் காய் நறுக்கட்டும். அடுத்து பெருவெளி, குறைந்தது அரைமணி நேரம் சும்மா உட்காரட்டும். அதற்குப் பிறகு சபை, கடைசியில் மேட்டுக்குப்பம். தைப்பூசத்து மூன்றாம் நாள் வடலூரிலிருந்து மேட்டுக்குப்பத்துக்குப் பேழையைத் தூக்கிக்கொண்டு ஜனங்கள் நடந்துதான் போகிறார்கள். அதனால் அந்தத் தூரத்தையும் வண்டியில் போகாமல் நடக்கட்டும்.

அவர் படித்துப் பார்த்தார். "காய் நறுக்கறது நல்ல யோசனை அய்யா. சபையில அந்தப் பலகைய என்ன பண்ணச் சொல்றீங்க? எடுக்கச் சொல்றீங்களா?"

"எடுக்க வேணாங்க. நின்னு சத்தமாப் படிச்சுக் காட்டுங்க. புலைன்னா என்ன அர்த்தம்னு யாராவது கேப்பாங்க. சொல்லுங்க."

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "கேட்டா எனக்குச் சொல்லத் தெரியணுமே" என்றார். நாலுமுனையில் குறிஞ்சிப்பாடி பஸ் வரும்வரை அதைப் பற்றித்தான் நாங்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டிருந்தோம்.